மூன்று முறை கூப்பிட்டும்

நெற்றி போய் ஏணியில் மோதியதா, ஏணி வந்து நெற்றியில் மோதியதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நீதிபதி, ஒரு அரசு வக்கீல், ஒரு குமாஸ்தா, மூன்று போலீஸ்காரர்கள், நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டு, இத்தனையும் தேவைப்பட்டன. நேரில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்? நான் கோர்ட் வாசலில் மேஜை போட்டு மனு தட்டிக் கொடுப்பவன். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவன் சும்மா பார்த்ததைச் சொன்னால் எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது.

நடந்தது இவ்வளவுதான். மேலதிகாரி யாரோ வந்து பார்வையிடப் போகிறார் என்று கோர்ட் தாழ்வாரத்துக்கு அவசர அவசரமாகப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் ஏணிமேல் நின்று உத்தரத்துக்குக் கீழே பூசிக்கொண்டிருந்தார். அப்போது டவாலி வெளியே வந்தார். மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு, வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று முறை கூவி அழைப்பவர்தான் டவாலி. முதல் முறை கதவருகில், இரண்டாவது முறை தாழ்வாரத்து நடுவில், மூன்றாவது முறை படிக்கட்டு ஓரத்தில் என்று நடந்துகொண்டே கூப்பிட வேண்டும். இவருக்கு ஒரு பழக்கம். கூப்பிடும்போது இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்து வைத்தால் சத்தம் பாதி அந்த வழியாகப் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை.

இரண்டாவது முறை கூப்பிட்டபோது ஏணி குறுக்கே இருந்தது.

பெயிண்டர் பதறியடித்து இறங்கி, "அண்ணே, அண்ணே" என்று கையிலிருந்த துணியால் அவர் நெற்றியைத் துடைத்தார். அது வர்ணம் துடைக்கிற துணி. டவாலி கோலிக்குண்டு அளவு வீக்கத்தோடும் பச்சை நெற்றியோடும் உள்ளே போய், அரைநாள் லீவு கேட்டார். அங்கேதான் சனியன் பிடித்தது. பணியில் காயம்பட்டவருக்கான லீவுப் படிவத்தில் இரண்டே கட்டம்: "கட்டடக் குறைபாட்டால் விழுந்தேன்", "பிறரால் தாக்கப்பட்டேன்." முதல் கட்டத்தில் குறி போட்டால் தரை சரியில்லை என்று பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு எட்டு மாதம் ஆகும். தானே போய் முட்டிக்கொண்டேன் என்று ஒரு கட்டம் இல்லை. அரசு ஊழியர் அப்படிச் செய்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குமாஸ்தா இரண்டாவது கட்டத்தில் ஒரு குறி போட்டார். குறி போட்ட படிவத்தின் ஒரு நகல் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். டவாலி வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெயிண்டரையும் ஏணியையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஆயுதம், பதினோரு படி உள்ள மர ஏணி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் ஸ்டேஷன் ரைட்டர்.

"அது ஆயுதம் இல்லீங்க சார். ஏணி."

"எதால அடிச்சாலும் ஆயுதம்தான். போன மாசம் ஒருத்தன் தலைகாணியால அடிச்சான். அதையும் ஆயுதம்னுதான் எழுதினேன். உனக்கு மட்டும் சலுகையா?"

"நான் யாரையும் அடிக்கவே இல்லீங்களே."

"அதை இங்க சொல்லாத. இங்க எழுதறதுக்கு இடம் இல்ல. கோர்ட்ல சொல்லு."

பணியில் இருந்த அரசு ஊழியரை ஆயுதத்தால் தாக்கிய குற்றம். இரண்டு வருஷம்வரை உள்ளே போகலாம். சொந்த ஜாமீனில் விட்டார்கள். ஏணி, ஸ்டேஷனில் பறிமுதல் சாமான் வைக்கிற சொத்து அறைக்குள் நுழையவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் அதையும் அவரிடமே கொடுத்து, ஒவ்வொரு விசாரணைக்கும் ஆயுதத்தைக் கூடவே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஜெயிலுக்குக்கூட அந்த மனுஷன் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவர் வீட்டு விஷயமே வேறு. அதை அவர் மனைவிதான் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். தையல் தைக்கிற அம்மா அவர். நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. குழந்தைகள் இல்லத்தில் மனு போட்டு, வீட்டை வந்து பார்த்து, சம்பளச் சீட்டு பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்க்காத குறையாக எல்லாம் பார்த்து, மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தருவதாக முடிவாகியிருந்தது. ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். குழந்தைக்கு நாலு கவுன் தைத்து வைத்திருக்கிறார். வளர்ந்துவிட்டாளே என்று இரண்டைப் பிரித்தும் தைத்தாயிற்று. கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கி.

இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மா நல்லவர்தான், ஆனால் படிவத்துக்கு நல்லவர்.

"புருஷன் பேர்லயோ பெண்டாட்டி பேர்லயோ கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா குழந்தை கொடுக்கறதுக்கில்ல. விடுதலைன்னு ஒரு காகிதம் கொண்டாங்க, நானே கையைப் பிடிச்சு அனுப்பி வைக்கிறேன். கமிட்டி அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதி பதினோரு மணிக்கு உக்காரும். அன்னிக்கு உங்க காகிதம் இல்லேன்னா, வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும். அவங்களும் ஆறு வருஷமா காத்திருக்காங்கம்மா. நான் என்ன செய்ய?"

அன்றைக்குத் தேதி ஆறு. ஐம்பது நாள்கூட முழுதாக இருக்கிறதா என்று பெயிண்டரின் மனைவி விரல்விட்டு எண்ணி என்னையே கேட்டார். ஐம்பத்திரண்டு, தாராளமாக இருக்கிறது என்று நானும் சொல்லித் தொலைத்தேன். இருபது வருஷமாக அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறவன் நான். என் வாயை என்ன சொல்வது.

நல்ல கிரிமினல் வக்கீல் யார் என்று கேட்டால் எங்கள் கோர்ட்டில் எல்லோரும் ஒரே பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். பெரிய வக்கீல். அவர் ஆபீஸ் முன்னறையில் நாற்பது நாற்காலி. உட்கார்ந்திருக்கிற கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லி நலம் விசாரிப்பார்கள், வெற்றிலைப் பெட்டியைக் கைமாற்றுவது மாதிரி மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். கல்யாணமாகாத வயதில் அடிதடிக் கேஸுக்கு வந்த ஒருவர், இப்போது மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அந்த மருமகன், எதிர் நாற்காலித் திருட்டுக் கேஸின் பையன். பெண் பார்த்ததே ஒரு வாய்தா நாளில்தான்.

பெயிண்டரும் மனைவியும் உள்ளே போனார்கள். கட்டுகளுக்கு நடுவில் வக்கீல் உட்கார்ந்திருந்தார்.

"கவலையே படாதீங்க. இருபத்தாறு வருஷமா கிரிமினல் நடத்தறேன். என் கட்சிக்காரர் ஒருத்தராவது தண்டனை வாங்கியிருக்காரா? வெளியில கேட்டுப் பாருங்க. ஒருத்தர் கிடையாது! ஏன்? தீர்ப்பு வந்தாத்தானே தண்டனை! தீர்ப்புங்கறது எந்தப் பக்கம் விழும்னு யாருக்குத் தெரியும்? நான் என் கட்சிக்காரரை அது பக்கத்துலயே போக விடமாட்டேன். வாய்தா, வாய்தா, வாய்தா. மூணு பேர் நிரபராதியாவே செத்துப்போயிருக்காங்க, தெரியுமா? அவங்க வீட்டுல இன்னிக்கும் என் போட்டோவை மாட்டியிருக்காங்க."

"சார், எங்களுக்குத் தீர்ப்பு வேணும்" என்றார் பெயிண்டர். "இருபத்தெட்டாம் தேதிக்குள்ள."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். இப்படி ஒரு கட்சிக்காரரை அவர் பார்த்ததில்லை.

"நீங்க அடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க உங்களுக்குத் தீர்ப்பு? குத்தம் பண்ணினவனே அதுக்கு அவசரப்பட மாட்டான்."

மனைவிதான் குழந்தை விஷயத்தை எடுத்துச் சொன்னார். வக்கீல் முழுக்கக் கேட்டார், கண்கூடக் கலங்கினார். கலங்கிய கண்ணோடு டைரியைப் புரட்டி, முதல் விசாரணையில் வாய்தா வாங்கிவிட்டு அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்றார்.

முதல் விசாரணைக்குப் பெயிண்டர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். பஸ்ஸில் ஏற்றவில்லை. வாசலில் நின்ற காவலர் ஆயுதத்தோடு கோர்ட்டுக்குள் நுழையக் கூடாது என்று தடுத்தார். ஆயுதம் இல்லாமல் உள்ளே போனால் ஜாமீன் ரத்து என்று பெயிண்டர் காகிதத்தைக் காட்டினார். இருவருடைய காகிதமும் சரியாக இருந்ததால் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் பெயிண்டர் உள்ளேயும் ஏணி பாதி உள்ளே பாதி வெளியேயும் இருப்பதென்று முடிவாயிற்று. ஜன்னல் வழியாக ஏணியின் ஆறு படி தெரிய, நீதிபதி அதை ஆஜரானதாக எடுத்துக்கொண்டார். பெரிய வக்கீல் எழுந்து, மீதி ஐந்து படியைப் பார்க்கத் தன் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு என்று சொல்லி மூன்று வாரம் வாய்தா வாங்கினார். முன்னறையிலிருந்து வந்தவர்கள் கைதட்டாத குறை.

"ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?" என்று தாழ்வாரத்தில் பெயிண்டர் கேட்டார்.

"பழக்கம்" என்றார் வக்கீல். உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் விசாரணையில்தான் விஷயம் முற்றியது. முதல் சாட்சி டவாலி. அவர் கூண்டில் ஏறி "என்னை யாரும் அடிக்கல" என்று ஒரு வரி சொன்னால் போதும், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அவரும் சொல்லத் தயார். தாக்கப்பட்டதாகக் குறி போட்ட சங்கதியே லீவு முடிந்து வந்தபிறகுதான் அவருக்குத் தெரியும். ஆனால் எங்கள் கோர்ட்டில் எந்தச் சாட்சியும் டவாலி மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வரலாம். கூப்பிடும்போது சாட்சி வெளியே இருக்க வேண்டும், கேட்டு, "இருக்கேன்" என்று வர வேண்டும்.

குமாஸ்தா சீட்டை நீட்டினார். டவாலி வெளியே போய்க் கண்ணை மூடித் தன் பெயரைத் தானே மூன்று முறை கூவினார். கதவருகில் ஒன்று, நடுவில் ஒன்று, படிக்கட்டு ஓரத்தில் ஒன்று. பிறகு உள்ளே வந்தார்.

"சாட்சி வந்தாரா?" என்றார் குமாஸ்தா.

"வந்திருக்கேங்க."

"நீங்க கூப்பிடப் போனவரு. கூப்பிட்டவுடனே வந்தது யாரு?"

டவாலி திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"கூப்பிடறப்போ நீங்க டியூட்டியில இருந்தீங்க. டியூட்டியில இருக்கறவர் சாட்சியா இருக்க முடியாது. சாட்சியா இருந்தா டியூட்டியில இல்ல, டியூட்டியில இல்லாதவர் கூப்பிட்டது செல்லாது" என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா எழுதினார்: மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்களின் பட்டியல் ஒன்று அவர் மேஜையில் எப்போதும் இருக்கும். அதில் ஏறிய பெயருக்கெல்லாம் சாயங்காலம் பிடிவாரண்ட் தயாராகும். நீதிபதி கட்டாகக் கையெழுத்துப் போடுவார். அன்று சாயங்காலம் டவாலியைப் பிடித்து ஆஜர்படுத்தச் சொல்லி ஒரு வாரண்ட் பிறந்தது. மறுநாள் அதை ஏட்டு கொண்டுவந்து, டவாலியின் கையைப் பிடித்து, அவர் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே ஆஜர்படுத்தினார். அன்றைக்குப் பெயிண்டர் வழக்கு பட்டியலில் இல்லை. அனுப்பிவிட்டார்கள்.

மாற்று ஆள் போட முடியாதா என்று நான் குமாஸ்தாவைக் கேட்டேன். டவாலி லீவு போட்டால் மாற்று ஆள் வரும், லீவில் இருப்பவர் கோர்ட்டுக்கு வரக் கூடாது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒரு கிரயப் பத்திரத்தில் நாலு இடத்தில் தப்பாகத் தட்டிவிட்டேன்.

தண்ணீர்க் குழாயடியில் அந்த அம்மா டவாலியை மடக்கினார். "அண்ணா, எங்க குழந்தை போயிடும் அண்ணா."

டவாலி தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மா. ராத்திரி சோறு இறங்க மாட்டேங்குது. ஊரையெல்லாம் நான் கூப்பிடறேன். என்னைக் கூப்பிட ஒரு நாதி இல்லியே."

மூன்றாவது விசாரணை இருபத்தேழாம் தேதி. மறுநாள் கமிட்டி. காலையிலிருந்து அந்த அம்மா தாழ்வாரத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். அவருடைய புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை வேர்வையில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. சாப்பாட்டு இடைவேளை. மூன்று மணி. மூன்றே முக்காலுக்கு வழக்கு எண்ணைச் சொன்னார்கள். டவாலி சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று பார்த்தார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் கேட்டது அந்தக் குரல்.

ஒன்பது வருஷத்தில் அந்த அம்மா யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருப்பாரோ என்னவோ. டவாலியின் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார் பாருங்கள், கூரையில் உட்கார்ந்திருந்த புறாவெல்லாம் பறந்தன. கதவருகில் ஒரு முறை. நடுவில் ஒரு முறை. படிக்கட்டு ஓரத்தில் ஒரு முறை. மூன்றாவது முறை முடிவதற்குள், "இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே டவாலி ஓடிப்போய்க் கூண்டில் ஏறிவிட்டார். கூப்பிட்டாயிற்று, சாட்சி வந்தாயிற்று. குமாஸ்தாவின் கை அதுபாட்டுக்கு "ஆஜர்" என்று எழுதிவிட்டது.

"என்னை யாரும் அடிக்கலீங்க ஐயா. நானாப் போய் ஏணியில முட்டிக்கிட்டேன். கண்ணை மூடிட்டு நடந்தேன்."

"கண்ணை மூடியிருந்தால், அடிக்கவில்லை என்று எப்படிப் பார்த்தீர்?" என்றார் நீதிபதி. பிறகு அவருக்கே வேறொன்று உறைத்தது. "நில்லும். உம்மைக் கூப்பிட்டது யார்?"

கதவருகில் நின்ற அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. டவாலி ஒரு கணம் அவரைப் பார்த்தார்.

"நான்தாங்க ஐயா கூப்பிட்டேன்."

"பெண் குரலாக அல்லவா கேட்டது?"

"அடிபட்டதுலேருந்து குரல் அப்படி ஆயிடுச்சுங்க ஐயா" என்றார் டவாலி. பாவம், நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். அந்த வழக்கில் அவர் எழுந்ததே அதுதான் முதல் தடவை. "கனம் நீதிபதி அவர்களே! குரலை வைத்துப் பிழைக்கும் ஒருவரின் குரலே போய்விட்டது! இது சாதாரணக் காயம் அல்ல, கொடுங்காயம்! பத்து வருஷம்வரை தண்டனை உண்டு. வழக்கை மேல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்!"

"அனுப்ப வேண்டியதுதான்" என்று நீதிபதி பேனாவை எடுத்தார்.

பெயிண்டர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய வக்கீல் மலர்ந்த முகத்தோடு மேல் கோர்ட்டில் வாய்தா இன்னும் நீளமாகக் கிடைக்கும் என்று அவர் காதில் சொன்னார்.

"ஐயா, அது என் குரல்!"

அந்த அம்மா நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார். "நான்தான் கூப்பிட்டேன். இவரு எனக்காகப் பொய் சொல்றாரு. எங்க வீட்டுக்காரரை விட்டுடுங்க ஐயா. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க."

"நிரூபிக்க வேண்டும்" என்றார் நீதிபதி. "வெளியே போய் முறைப்படி மூன்று முறை கூப்பிடு. யார் பெயரையாவது கூப்பிடு. கோர்ட் கேட்டு முடிவு செய்யும்."

அந்த அம்மா வெளியே போனார். யார் பெயரைக் கூப்பிடுவது? அந்த நேரத்தில் அவர் மனசில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இல்லத்துப் பதிவேட்டில் இருக்கிற குழந்தையின் பெயர். ஏழு மாதமாக வீட்டில் தனியாக இருக்கும்போது சமையலறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்த பெயர், நாளைக்கு வேறு யாரோடோ போகப்போகிறவளின் பெயர். அதைக் கதவருகில் கூப்பிட்டார். நடுவில் கூப்பிட்டார். படிக்கட்டு ஓரத்தில் கூப்பிட்டபோது குரல் பாதியில் உடைந்துவிட்டது. என் மேஜையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன் நான். யாரும் "இருக்கேன்" என்று வரவில்லை.

உள்ளே குமாஸ்தாவின் கை ஓடியது. "விலாசம்?" என்று நிமிராமலே கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அந்த அம்மா, குழந்தையின் விலாசத்தைக் கேட்கிறார் என்று நினைத்து இல்லத்தின் விலாசத்தைச் சொன்னார். மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை என்று எழுதிக் குமாஸ்தா பட்டியலைத் திருப்பினார். யார், எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் ஒரு நாளைக்கு நூறு பெயர் எழுத முடியுமா?

குரல் அதே குரல்தான் என்று நீதிபதி முடிவு செய்தார். பெயிண்டருக்கு விடுதலை. கோர்ட்டின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்திய குற்றத்துக்காக மனைவி மீது புதிய வழக்கு. மறுநாள் காலை பத்தரைக்கு வந்து ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டும். விடுதலைக் காகிதம் கையில் வந்தபோது பெயிண்டர் அதை மடிக்கக்கூட இல்லை. புருஷன் பேரிலோ பெண்டாட்டி பேரிலோ என்பதுதானே படிவம்? கடை டெலிபோனிலிருந்து இல்லத்து அம்மாவிடம் பேசினார்கள். நாளைக்குப் பதினோரு மணிக்கு அடுத்தவர்களை வரச் சொல்லிவிடுவதாக அவர் மெதுவாகச் சொன்னாராம். மனைவி டெலிபோனை வைத்துவிட்டு, தைத்த கவுனையாவது கொடுத்துவிடலாமா என்று புருஷனைக் கேட்டார். நானும் மேஜையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் பத்தரைக்கு இரண்டு பேரும் கோர்ட்டில் இருந்தார்கள். அழுது வீங்கிய முகங்கள். பத்தே முக்காலுக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. ஏட்டு இறங்கினார். அவர் இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் இல்லத்து அம்மா, காலில் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.

"என்ன அநியாயம் இது! காலையில ஏழு மணிக்குப் போலீஸ் வந்து, இந்தப் பேருக்கு வாரண்ட்டுங்கறாங்க! பால் குடிச்சிட்டு இருந்த குழந்தையைத் தூக்கிட்டு வந்துட்டாங்க!"

ஏட்டு குழந்தையைக் கூண்டில் இறக்கிவிட்டார். கம்பிக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. அழுகை மட்டும் கேட்டது. பெயிண்டரின் மனைவி கூண்டை நோக்கிப் பாய்ந்தார். காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"எதிரி எங்கே?" என்றார் நீதிபதி. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"உள்ள இருக்காங்க ஐயா. உயரம் பத்தல."

குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எழுந்து போய் நீதிபதியின் காதில் ஏதோ சொன்னார். நீதிபதி வாரண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"இந்தக் கோர்ட் தவறு செய்யாது. காரணம் இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவேனா? போட்டிருக்கிறேன். ஆகவே காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் என்ன என்பதுதான் இனிமேல் விசாரணைக்கு உரியது. அதை அரசுத் தரப்பு கண்டுபிடித்துத் தாக்கல் செய்யட்டும்."

அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். பெரிய வக்கீல், யார் கூப்பிட்டாரென்று தெரியவில்லை, எதிரியின் சார்பில் ஆஜராகித் தானும் அவகாசம் கேட்டார். இரண்டு தரப்பும் ஒரே பக்கம் சாய்ந்ததில் நீதிபதி மகிழ்ந்து ஆறு வாரம் கொடுத்தார். எதிரியை ஜாமீனில் விடலாம், இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், நிரந்தர விலாசம் உள்ளவர்களாகவும் கோர்ட்டுக்கு அறிமுகமானவர்களாகவும் இருக்க வேண்டும் என்றார்.

"நான் கையெழுத்துப் போடறேன்" என்று இல்லத்து அம்மா முன்னால் வந்தார்.

"துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா?"

"அதுக்கு மூணு மாசம் ஆகுமே ஐயா. பதினோரு மணிக்குக் கமிட்டி வேற இருக்கு…"

"வழக்கு முடியும்வரை எதிரியை எந்தக் கமிட்டியும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. ஜாமீன்தாரர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவர வேண்டும்."

டவாலிதான் முதலில் புரிந்துகொண்டார். பெயிண்டரின் முதுகில் கையை வைத்து ஒரே தள்ளு. பெயிண்டர் மேஜைமுன் போய் நின்றார். நேற்றுத்தான் குற்றமற்றவர் என்று அந்தக் கோர்ட்டே எழுதிக் கொடுத்த ஆள். அவருக்கு என்ன குறை. இரண்டாவது ஆளாக அவர் மனைவி வந்தார்.

"இவங்க பேர்ல கேஸ் இருக்கே?" என்றார் அரசு வக்கீல்.

குமாஸ்தா ஜாமீன் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "அதைப் பத்தி இதுல கட்டமே இல்லீங்க. பேரு, விலாசம், உறவு. மூணுதான். கேஸ் இருக்கறவங்கதான் தவறாம கோர்ட்டுக்கு வருவாங்க, அதனால கேக்கறதில்ல."

பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார். "எதிரிக்கு நீங்க என்ன வேணும்?"

பெயிண்டரின் மனைவி கூண்டைத் திரும்பிப் பார்த்தார். கூண்டுக்குள்ளிருந்து விசும்பல் கேட்டுக்கொண்டே இருந்தது. இல்லத்து அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா. எழுதணும்."

"அம்மா."

"சத்தமா. கோர்ட்டுக்குக் கேக்கணும்."

"அம்மா!" என்றார் அவர். தாழ்வாரத்துக் கடைசிவரை கேட்டது. கூண்டுக்குள் அழுகை சட்டென்று நின்று, கம்பிக்கு நடுவில் இரண்டு கை மட்டும் வெளியே நீண்டது.

குமாஸ்தா எழுதினார். நீதிபதி கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்கள். கோர்ட்டில் எழுதியதைத் திருத்த வேண்டுமானால் தனி மனு போட வேண்டும். இந்த வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன் நான் ஒருவன்தான். எவன் வந்து கேட்டாலும் எழுதித் தர மாட்டேன்.